சந்தேகத்தைப் பற்றி செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸோடு பேசுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

செத்துப்போன தத்துவவாதியைக் கற்பனையில் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவது ரொம்பப் பழைய பழக்கம். பெரும்பாலும் சாக்ரடீஸைத்தான் கூப்பிடுகிறார்கள். எதையும் முடிவுகட்டாமல் சந்தேகித்து நிற்கிற பழங்கால கிரேக்க ஐயவாதிகளைக் (செக்ஸ்டஸ் அவர்களில் ஒருவர்) கூப்பிடுகிறவர்கள் குறைவு, அப்படிக் கூப்பிடுகிறவர்களும் அவர்களை ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள்: எதைச் சொன்னாலும் "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்று குதர்க்கம் பேசி, எதிரில் இருப்பவரை வாயடைத்துவிட்டு, கடைசியில் "எதையும் அறிய முடியாது" என்று தாடியைத் தடவிக்கொண்டு எழுந்து போகிற ஒரு கிழவர். அப்படி ஒரு முடிவைச் சொல்கிறவரை கிரேக்க ஐயவாதிகள் தங்கள் ஆளாகவே எண்ணியதில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்பவர், கண்டுபிடிக்கவே முடியாது என்பவர், இன்னும் தேடிக்கொண்டிருப்பவர் என்று தத்துவவாதிகளை மூன்றாகப் பிரித்து, மூன்றாவது வரிசையில்தான் அவர்கள் தங்களை வைத்துக்கொண்டார்கள்.

அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் உரையாடலில் ஐயவாதி ஜெயித்துவிட்டால் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள். அவர் வேலை உங்களைத் தோற்கடிப்பது இல்லை. நீங்கள் உறுதியாக நம்புகிற ஒன்றுக்கு எதிர்ப்பக்கத்தில் அதே எடையுள்ள இன்னொன்றை வைத்து, தட்டு சமமாக நிற்கும்போது உங்களுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கவைப்பதுதான் அவர் வேலை. கீழே வருவதெல்லாம் இதை எப்படிச் செய்வது என்பதுதான்.

தேவையானவை: ஒரு நோட்டு, பேனா, யாரும் தொந்தரவு செய்யாத ஒரு மணி நேரம். மனதுக்குள்ளேயே பேசிக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம், எழுதுங்கள். மனதுக்குள் பேசினால் நமக்குப் பிடித்த வாதத்தை மூன்று முறை சொல்லிவிட்டு மூன்று வாதம் சொன்னதாக நினைத்துக்கொள்வோம்.

படி 1: யாரைக் கூப்பிடுவது

பழங்கால ஐயவாதி என்றால் ஒரே ஆள் இல்லை, அது சுமார் ஐந்நூறு வருடப் பரம்பரை. அதில் யாரைக் கூப்பிடுகிறீர்களோ அதைப் பொறுத்து உரையாடலே மாறிவிடும்.

தொடங்கிவைத்தவர் எலிஸ் நகரத்து பிர்ரோ. கி.மு. 360 வாக்கில் பிறந்து கிட்டத்தட்டத் தொண்ணூறு வயது வரை வாழ்ந்தவர். அலெக்சாண்டரின் படையோடு இந்தியாவரை வந்து, இங்கே கிரேக்கர்கள் 'நிர்வாண ஞானிகள்' என்று அழைத்த துறவிகளைச் சந்தித்தார் என்று, தத்துவவாதிகளின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்த டயோஜனிஸ் லேர்ட்டியஸ் எழுதிவைத்திருக்கிறார். அவருடைய ஐயவாதம் இங்கே கற்றுக்கொண்டதுதானா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், பிர்ரோவுக்கு அது தெரிந்தால் சந்தோஷப்படுவார். அவரைப் பற்றிய கதைகள் அருமையானவை. கடலில் புயல் வந்து எல்லாரும் அலறும்போது, கப்பலில் நிம்மதியாகத் தின்றுகொண்டிருந்த ஒரு பன்றிக்குட்டியைக் காட்டி, ஞானி இப்படித்தான் இருக்க வேண்டும் என்றாராம். மருத்துவச்சியான தன் அக்காவோ தங்கையோ, பிலிஸ்டா என்று பெயர், அவளோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு, வீடு துடைத்து, கோழியைச் சந்தைக்குக் கொண்டுபோய், பன்றியைக் குளிப்பாட்டி வாழ்ந்தவர். ஒருமுறை நாய் பாய்ந்தபோது பயந்துபோய்விட்டார். கேலி செய்தவர்களிடம், மனிதத்தன்மையை முழுசாகக் கழற்றிப்போடுவது கஷ்டம் என்றார். ஆனால் அவர் எதுவும் எழுதவில்லை. அவரைக் கூப்பிட்டால் வந்து உட்கார்ந்து பெரும்பாலும் சும்மா இருப்பார். முதல் உரையாடலுக்கு அது சிரமம்.

இரண்டாவது ஆள் கார்னியடிஸ், ஏதென்ஸில் பிளேட்டோ தொடங்கிய அகாடமி என்ற தத்துவப் பள்ளிக்குத் தலைவராக இருந்தவர். கி.மு. 155-ல் ஏதென்ஸ் தனக்கு விதிக்கப்பட்ட அபராதத்தைக் குறைக்கச் சொல்லி ரோமுக்கு மூன்று தத்துவவாதிகளைத் தூது அனுப்பியது. அதில் இவரும் ஒருவர். ஒரு நாள் நீதிக்கு ஆதரவாகப் பிரமாதமாகப் பேசினார், மறுநாள் நீதிக்கு எதிராக அதே அளவுக்குப் பிரமாதமாகப் பேசினார், ரோமாபுரி இளைஞர்கள் கிறங்கிப்போனார்கள், ரோமாபுரி அரசியல்வாதி முதியவர் கேட்டோ இவர்களைச் சீக்கிரம் ஊருக்கு அனுப்பிவையுங்கள் என்றார். கூடவே இருந்த சீடர் கிளைட்டோமாக்கஸுக்கே குருவின் சொந்தக் கருத்து என்ன என்று கடைசிவரை பிடிபடவில்லையாம். வாதச் சண்டை பிடிக்கிறவர்கள் இவரைக் கூப்பிடலாம். ஆனால் இவர் உங்களை மயக்கிவிடுவார், அந்த மயக்கத்தில் நீங்கள் வேலையை மறந்துவிடுவீர்கள்.

நான் சிபாரிசு செய்வது மூன்றாவது ஆளை, செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸ். கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி அல்லது 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். வைத்தியர். எங்கே பிறந்தார், எங்கே வாழ்ந்தார் என்பதெல்லாம் உறுதியாக யாருக்கும் தெரியாது, ஆனால் எழுதியது ஏராளமாகக் கையில் இருக்கிறது. அதில் பிர்ரோ வழியைச் சுருக்கிச் சொல்லும் மூன்று பாக நூல் ஒன்று போதும், ஆங்கில மொழிபெயர்ப்பு சுலபமாகக் கிடைக்கும், முதல் பாகத்தைப் படித்தாலே அவர் குரல் பிடிபட்டுவிடும். 1562-ல் அந்த நூல் லத்தீனில் அச்சானபோது ஐரோப்பாவில் பலர் தலை சுற்றியது, பிரெஞ்சு எழுத்தாளர் மொந்தேய்ன் அதிலிருந்து வரிகளைத் தன் நூலகத்து உத்தரங்களிலேயே எழுதிவைத்துக்கொண்டார்.

நம் பக்கத்து ஆள்தான் வேண்டும் என்பவர்களுக்கு சஞ்சய பேலட்டபுத்தர் இருக்கிறார், புத்தர் காலத்தவர். மறுமை உண்டா என்று கேட்டால் "உண்டு என்று எனக்குத் தோன்றினால் உண்டு என்பேன், ஆனால் அப்படிச் சொல்ல மாட்டேன், வேறு மாதிரியும் சொல்ல மாட்டேன், இல்லை என்றும் சொல்ல மாட்டேன்" என்று வழுக்கிக்கொண்டே போகிறவர். புத்தரின் தலைமைச் சீடர்களான சாரிபுத்தரும் மொக்கல்லானரும் புத்தரிடம் வருவதற்கு முன் இவருடைய சீடர்கள் என்பார்கள். ஆனால் இவரைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் எதிர்முகாம் எழுதிவைத்தது. வைத்துப் பேச அது போதாது.

படி 2: குரலைப் பிடிப்பது

செக்ஸ்டஸின் நூல் தொடக்கத்திலேயே ஒரு எச்சரிக்கை உண்டு: நான் சொல்வது எதையும் இது இப்படித்தான் என்று அடித்துச் சொல்லவில்லை, இப்போது எனக்கு எப்படித் தோன்றுகிறதோ அதை அறிக்கை மாதிரி பதிவு செய்கிறேன், அவ்வளவுதான். இந்த ஒரு வரியை நோட்டின் மேலே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அவர் வாயில் நீங்கள் வைக்கிற ஒவ்வொரு வாக்கியமும் இதைத் தாண்டக்கூடாது.

அவருக்கென்று சில தொடர்கள் உண்டு. "இதைவிட அது அதிகமில்லை." "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்." "நான் எதையும் முடிவுகட்டவில்லை." "தீர்ப்பை நிறுத்திவைக்கிறேன்." இவற்றை அளவாகப் பயன்படுத்துங்கள், பத்து வரிக்கு ஒருமுறை வந்தால் போதும், இல்லையென்றால் கிளிப்பிள்ளை ஆகிவிடுவார்.

அவர் சொல்லவே சொல்லாதவை: "நீங்கள் சொல்வது தவறு." "உண்மை என்று ஒன்று கிடையாது." "எல்லாம் மாயை." "எல்லாம் அவரவர் பார்வை." கடைசியில் உள்ளது நம் காலத்துக்காரர்களுக்கு மிகவும் பிடித்த வரி, அதனால் கை தானாக எழுதப் பார்க்கும். நிறுத்துங்கள். எல்லாம் அவரவர் பார்வை என்பதும் உலகத்தைப் பற்றிய ஒரு பெரிய தீர்ப்பு.

உடனே "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்" குறளை அவர் வாயில் வைக்கவும் ஆசை வரும். அதுவும் பொருந்தாது. மெய்ப்பொருள் காண்பது அறிவு என்று வள்ளுவர் முடிக்கிறார், காண முடியும் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. செக்ஸ்டஸ் முதல் அடிவரை கூடவே வந்துவிட்டு இரண்டாவது அடியின் வாசலில் நின்றுகொள்வார்.

அப்புறம், அவருக்கு நக்கல் உண்டு. மனிதனுக்கு மட்டும்தான் பகுத்தறிவு என்று பெருமைப்பட்ட ஸ்டோயிக்குகள் என்ற எதிர்த் தத்துவப் பள்ளிக்காரர்களைச் சீண்ட, அவர்களுடைய தலைவர் கிரிசிப்பஸ் சொன்ன நாய்க் கதையையே எடுத்துக்கொள்கிறார். வேட்டை நாய் முச்சந்திக்கு வருகிறது. இரண்டு பாதையை மோந்து பார்க்கிறது, வாசனை இல்லை, மூன்றாவதை மோந்துகூடப் பார்க்காமல் ஓடுகிறது. பாருங்கள், நாயும் உங்களைப் போலவே தர்க்கம் படித்திருக்கிறது என்கிறார். இந்தச் சிரிப்பு இல்லாமல் எழுதினால் கோர்ட்டு குறுக்கு விசாரணை மாதிரி வறண்டுபோகும்.

படி 3: எதைப் பற்றிப் பேசுவது

இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். "இந்த உலகம் நிஜமா?", "கடவுள் இருக்கிறாரா?" என்று தொடங்கினால் பத்து நிமிடத்தில் இரண்டு பேரும் புத்தக வாசகம் பேசத் தொடங்கிவிடுவீர்கள். "இன்று மழை வருமா?" மாதிரியான கேள்வியும் உதவாது, அதில் உங்களுக்கு உறுதியும் இல்லை, கவலையும் இல்லை.

உங்களுக்கு உறுதி இருக்க வேண்டும், அந்த உறுதியால் கொஞ்சம் வலியும் இருக்க வேண்டும். செக்ஸ்டஸின் கணிப்பு அதுதான்: ஒன்றை இயல்பிலேயே நல்லது அல்லது கெட்டது என்று நம்புகிறவன் ஓயாமல் கலங்குகிறான், கிடைக்காதபோது இல்லையே என்று, கிடைத்த பிறகு போய்விடுமோ என்று. அதனால் இரவில் புரளவைக்கிற ஒரு வாக்கியத்தைத் தேடுங்கள். "அந்த வேலையை விட்டது முட்டாள்தனம்." "அண்ணன் எனக்குத் துரோகம் செய்தான்." "பையன் வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்கிறான்." ஒரே வாக்கியமாக, கேள்விக்குறி இல்லாமல் எழுதுங்கள். எழுதி முடித்ததும் "இதை யாராலும் மறுக்க முடியாது" என்று தோன்றினால் சரியான வாக்கியம்தான்.

ஒரு எல்லை உண்டு. புதிதாக ஒரு துக்கம் நடந்த வீட்டில் இதைச் செய்யாதீர்கள். டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்துவதற்கு இதைச் சாக்காக வைக்கவும் வேண்டாம், அது ஏன் செக்ஸ்டஸுக்கே பொருந்தாது என்பது படி 6-ல் வருகிறது.

படி 4: அவர் கையில் இருக்கும் கருவிகள்

செக்ஸ்டஸ் கேள்விகளை அப்போதைக்கப்போது இட்டுக்கட்டுவதில்லை. அவருக்கு முன்னால் இருந்தவர்கள் சேர்த்துவைத்த வாத முறைகள் அவரிடம் இருக்கின்றன, இரண்டு தொகுப்பு. ஒன்று பத்து முறைகள், கி.மு. முதல் நூற்றாண்டின் ஈனெசிடெமஸ் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. இன்னொன்று ஐந்து முறைகள், அக்ரிப்பா என்பவருடையது.

பத்து முறைகளின் அடிப்படை எளிது: ஒரே பொருள் ஆளுக்கு ஆள், நிலைக்கு நிலை வேறு மாதிரி தெரிகிறது. தேன் எல்லாருக்கும் இனிப்பு, மஞ்சள் காமாலைக்காரருக்குக் கசப்பு. சதுரக் கோபுரம் தூரத்தில் வட்டம். துடுப்பு தண்ணீருக்குள் வளைந்தது, வெளியே நேர். குளியல் மண்டபத்தின் முன்கூடம் வெளியிலிருந்து வருகிறவருக்குக் கதகதப்பு, உள்ளிருந்து வருகிறவருக்குக் குளிர். கடல்நீர் மீனுக்கு உயிர், நமக்கு ஆகாது. சூரியன் வால்நட்சத்திரத்தைவிட எவ்வளவோ பெரிய அதிசயம், ஆனால் தினமும் வருவதால் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. இந்தக் கடைசி எடுத்துக்காட்டை நினைவில் வையுங்கள், அன்றாட வாழ்க்கைக் கேள்விகளில் மிகவும் உதவும்: அரிதாக நடப்பதாலேயே ஒன்றைப் பெரிதாக நினைக்கிறோமா?

இதில் எதுவும் "ஆகவே தேன் இனிப்பில்லை" என்று முடியாது. இனிப்பாகத் தெரிகிறது என்பதை அவர் ஒத்துக்கொள்கிறார். தெரிவதைத் தாண்டி, அதன் இயல்பிலேயே இனிப்பா என்பதில்தான் நிற்கிறார்.

ஐந்து முறைகள்தான் கூர்மையானவை. நீங்கள் ஒன்றைச் சொல்கிறீர்கள். முதலில், இதில் கருத்து வேறுபாடு இருக்கிறதே என்பார். ஆதாரம் கொடுக்கிறீர்கள், அந்த ஆதாரத்துக்கு ஆதாரம் என்ன என்பார், அது முடிவில்லாமல் பின்னால் போகும். போகக்கூடாது என்று ஓரிடத்தில் நின்று "இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே" என்றால், நீங்கள் சும்மா வைத்துக்கொண்டதை எதிராளியும் சும்மா மறுக்கலாமே என்பார். தப்பிக்க முதலில் சொன்னதையே ஆதாரமாகக் கொண்டுவந்தால் வட்டமடிக்கிறீர்கள் என்பார். மீதி ஒன்று, இது யாருடைய இடத்திலிருந்து அப்படித் தெரிகிறது என்பது. கருத்து வேறுபாடு, முடிவிலாப் பின்னோட்டம், வெறும் ஊகம், வட்டம், சார்பு. நோட்டின் ஓரத்தில் இந்த ஐந்தையும் எழுதிக்கொண்டு, அவர் எப்போது எதை எடுக்கிறார் என்று குறித்துக்கொண்டே போங்கள். ஒரே கருவியை நான்கு முறை தொடர்ந்து எடுத்தால் நீங்கள் சோம்பேறித்தனமாக எழுதுகிறீர்கள்.

படி 5: பேச்சை எழுதுவது

இடம் என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். அவர் வைத்தியர், நீங்கள் ஒரு தொந்தரவோடு வந்திருக்கிறீர்கள், அது போதும். கிரேக்கத் தூண், திராட்சைத் தோட்டம் என்று வர்ணித்துக்கொண்டிருந்தால் ஒரு மணி நேரமும் அதிலேயே போய்விடும்.

மாதிரிக்கு ஒன்று. ஒரு அப்பாவின் வாக்கியம்: "பன்னிரண்டாம் வகுப்பில் இவ்வளவு மார்க் எடுத்துவிட்டு என் மகன் கேட்டரிங் படிக்கப் போவது தவறு."

அப்பா: தவறு என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் ஐயா.

செக்ஸ்டஸ்: உங்களுக்குத் தவறாகத் தோன்றுகிறதா, தவறே என்கிறீர்களா?

அப்பா: இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

செக்ஸ்டஸ்: தோன்றுகிறது என்றால் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. குளிர்கிறது என்று நடுங்கிக்கொண்டு வருகிறவரிடம் குளிரவில்லை என்று நான் வாதாடுவதில்லை. தவறே என்றால் எதை வைத்து என்று கேட்பேன்.

அப்பா: தவறேதான். ஹோட்டல் வேலையில் சம்பளம் குறைவு, ராத்திரி பகல் இல்லாமல் நிற்க வேண்டும். இன்ஜினியர் என்றால் ஏசி ரூம், மாதம் பிறந்தால் சம்பளம்.

செக்ஸ்டஸ்: அப்படியானால் சம்பளம் அதிகம், உடம்புக்கு அலுப்பு குறைவு, இதுதான் நல்ல தொழில். இதை எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்களா?

அப்பா: புத்தியுள்ளவர்கள் ஒத்துக்கொள்வார்கள். விவசாயம்தான் உயர்ந்தது, ராணுவம்தான் உயர்ந்தது என்றெல்லாம் சிலர் சொல்வார்கள், அது பேச்சுக்கு.

செக்ஸ்டஸ்: யார் புத்தியுள்ளவர் என்று எப்படி அடையாளம் காண்கிறீர்கள்?

அப்பா: சரியான தொழிலைத் தேர்ந்தெடுப்பவர்தான் புத்தியுள்ளவர்.

செக்ஸ்டஸ்: எது சரியான தொழில் என்று சொல்பவர் புத்தியுள்ளவர், எவர் புத்தியுள்ளவர் என்று சொல்வது சரியான தொழில்.

அப்பா: சரி, அதை விடுங்கள். எனக்கு அனுபவம் இருக்கிறது. இருபத்தைந்து வருடமாகக் கடை வைத்திருக்கிறேன், அவனுக்குப் பதினேழு வயது.

செக்ஸ்டஸ்: வயதானவர்களுக்குக் குளிராக இருக்கிற காற்று இளைஞர்களுக்கு இதமாக இருப்பதுண்டு, வைத்தியத்தில் தினமும் பார்க்கிறேன். உங்கள் வயதிலிருந்து உங்களுக்கு ஒன்று தெரிகிறது, அவன் வயதிலிருந்து அவனுக்கு ஒன்று தெரிகிறது. யார் பார்ப்பது சரி என்பதுதான் வழக்கே. வழக்கில் ஒரு தரப்பாக இருந்துகொண்டு நீங்களே தீர்ப்பும் சொல்கிறீர்கள்.

அப்பா: அப்போ அவன் சொல்வதுதான் சரி என்கிறீர்கள்.

செக்ஸ்டஸ்: அவனும் ஒரு தரப்புதானே. அவன் வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்து, சமையல்தான் என் பிறவிப்பயன் என்றிருந்தால், இதே கேள்விகளை அவனிடம் கேட்டிருப்பேன், உங்கள் பக்கத்தை நான் எடுத்திருப்பேன்.

அப்பா: இப்போது எனக்குப் பதில் தோன்றவில்லை. அதனால் நான் தோற்றுவிட்டேன் என்று ஆகிவிடுமா?

செக்ஸ்டஸ்: ஆகாது. ஒரு தத்துவத்தைச் சொன்னவர் பிறப்பதற்கு முன்னால் அவருடைய வாதம் யாருக்கும் தெரியாமல் இருந்தது, ஆனாலும் அது இருந்திருக்கலாம். அதுபோல என் பேச்சை உடைக்கிற வாதமும் எங்கேயோ இருக்கலாம், இன்னும் நம் கண்ணில் படவில்லை. அதனால் நானும் என் பேச்சுக்குக் கையெழுத்துப் போடவில்லை.

அப்பா: இதெல்லாம் சரி, நாளைக்கு ஃபார்ம் போடக் கடைசி நாள். என்ன செய்யட்டும்?

செக்ஸ்டஸ்: காலேஜை விசாரியுங்கள், அந்தத் தொழிலில் இருப்பவர்களைக் கேளுங்கள், உங்கள் ஊரில் இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வார்களோ அதைச் செய்யுங்கள். நான் கேட்டதெல்லாம் ஃபார்மைப் பற்றி இல்லை. நீங்கள் மூன்று ராத்திரியாகத் தூங்காததைப் பற்றி. கத்தி வைத்து ரணத்தை அறுக்கும்போது நோயாளி பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிக்கொள்வார், பக்கத்தில் நின்று பார்க்கிற சொந்தக்காரர் மயங்கி விழுவார். அறுபடுகிறவருக்கு வலி மட்டும்தான். பார்க்கிறவருக்கு, ஏதோ கொடுமை நடக்கிறது என்ற எண்ணம்.

இங்கே நிறுத்தலாம். கவனியுங்கள், அப்பா மனம் மாறவில்லை. மாற வேண்டியதும் இல்லை. "தவறே" என்பதிலிருந்து "எனக்குத் தவறாகத் தோன்றுகிறது" என்பதற்குக் கொஞ்சம் நகர்ந்திருந்தால் போதும். கடைசியில் வரும் அறுவை எடுத்துக்காட்டு செக்ஸ்டஸ் தானே எழுதியது, வைத்தியராக நேரில் பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏஐ சாட்பாட்டை செக்ஸ்டஸாக நடிக்கச் சொல்லலாமா என்றால், சொல்லலாம். ஆனால் அது சீக்கிரம் உங்களோடு ஒத்துப்போய்விடும், அல்லது கடைசியில் அழகான ஒரு பாடம் சொல்லி முடித்துவைக்கும். இரண்டுமே செக்ஸ்டஸ் செய்யாதவை.

படி 6: நீங்கள் திருப்பி அடிப்பது

அப்பா ரொம்ப நல்லவர், கடுமையான கேள்வி எதையும் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள். பழைய காலத்திலேயே ஐயவாதிகள் மீது வீசப்பட்ட மூன்று கற்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கல்: "எதையும் முடிவுகட்டக்கூடாது என்பதே ஒரு முடிவுதானே?" இதற்கு செக்ஸ்டஸ் ரொம்பக் காலமாகத் தயாராக இருக்கிறார். பேதி மருந்து வயிற்றில் இருப்பதை வெளியேற்றும்போது தானும் சேர்ந்து வெளியே போய்விடுகிறது, என் தொடர்களும் அப்படித்தான் என்பார். வைத்தியர் ஒப்புமை, நாற்றமாக இருந்தாலும் பொருந்துகிறது. இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம்.

இரண்டாவது கல் கனமானது: "எதையும் நம்பவில்லை என்றால் எப்படி வாழ்வது? பசித்தால் ஏன் சாப்பிடுகிறீர்கள், வண்டி வந்தால் ஏன் ஒதுங்குகிறீர்கள்?" பிர்ரோ வண்டிக்கும் பள்ளத்துக்கும் ஒதுங்கவே மாட்டார், நண்பர்கள்தான் இழுத்துக் காப்பாற்றினார்கள் என்று ஒரு கதை பழைய காலத்திலேயே ஓடியது. ஈனெசிடெமஸ் அதை மறுத்தார், அவர் தத்துவத்தில்தான் தீர்ப்பை நிறுத்தினார், தெருவில் ஜாக்கிரதையாகத்தான் நடந்தார் என்று. தொண்ணூறு வயது வரை இருந்ததைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது. செக்ஸ்டஸின் பதில் இன்னும் ஒழுங்கானது. நாலு விஷயம் எங்களை நடத்துகின்றன என்கிறார்: பார்க்கவும் யோசிக்கவும் இயற்கை கொடுத்த திறன், பசி தாகம் போன்ற உணர்வுகளின் கட்டாயம், ஊரின் சட்டமும் வழக்கமும், கற்றுக்கொண்ட தொழில். புகையைப் பார்த்தால் நெருப்பு நினைவுக்கு வருகிறது, தழும்பைப் பார்த்தால் காயம் நினைவுக்கு வருகிறது, இதையெல்லாம் அவர் தாராளமாக ஏற்றுக்கொள்கிறார். இரண்டையும் பலமுறை சேர்த்துப் பார்த்திருக்கிறோம், அவ்வளவுதான். பார்க்கவே முடியாத மறைவான காரணத்தைக் காட்டி அடித்துப் பேசும்போதுதான் நிற்கிறார். அதனால்தான் மருந்து விஷயத்தில் இவரைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. பலருக்குக் கொடுத்துப் பார்த்துக் குணமான மருந்தை அவரே கொடுப்பார். "எல்லாமே சதி, டாக்டர்கள் மறைக்கிறார்கள்" என்று சொல்பவர்தான் அவர் கண்ணுக்கு மறைவான காரணத்தை அடித்துப் பேசுகிறவர், ஐந்து கருவியும் முதலில் அவர் மேல்தான் பாயும்.

மூன்றாவது கல்லில்தான் நான் செக்ஸ்டஸை விட்டுக்கொடுக்காமல் பிடித்துவைப்பேன். ஊர் வழக்கம் வழிநடத்தும் என்கிறீர்களே, வழக்கமே அநியாயமாக இருந்தால்? ஒரு ஊரில் தனிக் குவளை வைத்திருப்பதுதான் வழக்கம் என்றால்?

இந்த மாதிரி ஒரு கேள்வியை அவரே எதிர்கொண்டிருக்கிறார். ஒரு கொடுங்கோலன் சொல்லவே கூசும் காரியத்தைச் செய்யச் சொன்னால் என்ன செய்வான் ஐயவாதி? தன் முன்னோர் சட்டத்தையும் வழக்கத்தையும் ஒட்டி, இதைச் செய்வான், அதைத் தவிர்ப்பான் என்று பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. உங்கள் உரையாடலில் அவரை இங்கே நன்றாக நெருக்குங்கள். அவருக்கு ஒரு நல்ல பதிலும் உண்டு, அதையும் நேர்மையாக எழுதுங்கள்: பிறப்பாலேயே உயர்வு, இயல்பிலேயே தாழ்வு என்று எவன் சொன்னாலும் அதைத் தூள்தூளாக்க என் ஐந்து கருவிகள் போதும், அந்த வழக்கத்தைத் தாங்கி நிற்கிற உறுதியே அங்கே உடைந்துவிடும். உண்மைதான், உடையும். ஆனால் அதே கருவி, "இது அநியாயம், இன்றே நிறுத்து" என்று எழுந்து நிற்கிறவரின் உறுதியையும் கரைக்கும். கரைந்த பிறகு இருவரையும் பழைய வழக்கமே நடத்தும் என்றால், லாபம் யாருக்கு?

இந்தக் கேள்விக்கு அவர் வாயில் சுலபமான பதில் வைத்துவிடாதீர்கள். கொஞ்ச நேரம் அவர் பேசாமல் இருக்கட்டும். "இதற்கு இப்போது என்னிடம் எதுவும் தோன்றவில்லை" என்று அவர் சொன்னால் அது அவர் வழிக்கு இழுக்கு இல்லை. உங்களுக்கும் இங்கே ஒரு வேலை இருக்கிறது: எந்த வாக்கியங்களை அவரிடம் கொண்டுபோகலாம், எவற்றைக் கொண்டுபோகக்கூடாது என்று ஒரு கோடு போட்டுக்கொள்வது. என் கோடு இது: என் தூக்கத்தை மட்டும் கெடுக்கிற உறுதிகளை அவரிடம் கொடுப்பேன். அடுத்தவர் கழுத்தில் இருக்கிற காலை எடுக்கச் சொல்கிற உறுதியைக் கொடுக்க மாட்டேன். அவர் இதற்கு ஆதாரம் கேட்பார். கேட்கட்டும்.

படி 7: எங்கே நிறுத்துவது

தட்டு சமமானது என்று எப்படித் தெரியும்? செக்ஸ்டஸ் ஒரு கதை சொல்கிறார். ஓவியர் அப்பெல்லஸ் குதிரை வரைந்தார், வாயில் நுரை தள்ளுவதை எவ்வளவு முயன்றும் வரையவே வரவில்லை. வெறுத்துப்போய்த் தூரிகை துடைக்கிற பஞ்சைத் தூக்கிப் படத்தின்மேல் எறிந்தார், அது பட்ட இடத்தில் நுரை அச்சாக வந்துவிட்டது. ஐயவாதிகளும் எது உண்மை என்று கண்டுபிடித்து அதன்மூலம் மன அமைதியை அடையத்தான் முயன்றார்கள், முடியாமல் தீர்ப்பை நிறுத்திவைத்தபோது, உடம்பைத் தொடர்ந்து நிழல் வருகிற மாதிரி அமைதி தானாக வந்தது என்கிறார். எனவே அமைதி வரவேண்டும் என்று குறிவைத்து எழுதினால் வராது. "ரொம்ப நிம்மதியாக உணர்கிறேன் செக்ஸ்டஸ்!" என்று நீங்கள் எழுதினால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

நடைமுறையில் ஒரு சோதனை உண்டு. பேச்சு முடிந்ததும் படி 3-ல் எழுதிய வாக்கியத்தைத் திரும்ப வாசியுங்கள். அதே வேகத்தோடு, அதே கோபத்தோடு வாசிக்க வந்தால் எதிர்ப்பக்கத்தை நீங்கள் பலவீனமாக எழுதியிருக்கிறீர்கள். வாக்கியம் அபத்தமாகத் தெரிந்து சிரிப்பு வந்தால், தட்டு மறுபக்கம் சாய்ந்துவிட்டது, அதாவது செக்ஸ்டஸ் ஜெயித்துவிட்டார், அதுவும் உதவாது. வாசிக்கும்போது நடுவில் கொஞ்சம் தயங்கினால் சரியாக வந்திருக்கிறது.

வாதம் எவ்வளவு பலமாக இருக்க வேண்டும் என்பதற்கும் அவரிடமே ஒரு கணக்கு இருக்கிறது. நூலின் கடைசியில், ஐயவாதி மனிதர்கள்மீது உள்ள அன்பால் அவர்களுடைய அவசர முடிவுகளைப் பேச்சால் குணப்படுத்த விரும்புகிறான், கடுமையான நோய்க்குக் கடுமையான மருந்தும் லேசான நோய்க்கு லேசான மருந்தும் கொடுப்பதுபோல சில இடங்களில் வேண்டுமென்றே பலம் குறைந்த வாதத்தையும் கொடுக்கிறான் என்கிறார். எல்லாப் பேச்சிலும் ஐந்து கருவியையும் இறக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் முறைத்தார் என்பது மாதிரியான வாக்கியத்துக்கு "அவருக்குப் பல்வலியாக இருக்கலாமே" என்ற ஒரே கேள்வி போதும்.

மறுநாள் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். மாதிரியில் வந்த அப்பாவானால், மகனை அந்த நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும், "கேட்டரிங்தான் எனக்குச் சரி" என்பது புது வாக்கியம், செக்ஸ்டஸ் அப்பா பக்கத்து வாதங்களை எடுத்து வைக்க வேண்டும், நேற்று அவர் சொன்ன அதே நேர்மையோடு. பெரும்பாலானவர்களுக்கு இந்த இரண்டாவது உரையாடல்தான் கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் மகனுக்காகப் பேச நம்மிடம் நாலு வரிக்கு மேல் இருக்காது. அப்படியானால் எழுதுவதை நிறுத்திவிட்டு, எழுந்து போய் அவனிடமே கேட்டு வாருங்கள். அவன் சொன்னதை அப்படியே, திருத்தாமல் எழுதிக்கொண்டு அப்புறம் தொடருங்கள்.